பவளப்பாறைகளைக் கொல்வது எது? கேள்விகளும் பதில்களும்

பவளப்பாறைகளுக்கு இயற்கையாலும் மனிதராலும் நேரும் கேடுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். எனக்கு நன்கு தெரிந்தவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் இருக்கும்.

கேள்வி: வெளிறிப்போன பவளம் என்றால் செத்துப்போன பவளம் என்று பொருளா?

இல்லை. பவளம் என்பது பாலிப் எனப்படும் சிறு விலங்குகளின் கூட்டம். அவற்றின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசி குடியிருந்து, ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவில் பெரும்பகுதியைத் தன்னைத் தாங்கும் விலங்குக்குக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை இந்த வழியாகவே கிடைக்கக்கூடும். நீர் அளவுக்கு மீறிச் சூடேறி, அதனுடன் கடும் வெயிலும் சேரும்போது, பாசியின் ஒளிச்சேர்க்கை சீர்குலைந்து திசுவைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகள் பெருகுவதால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் பாசியினுடையது என்பதால், அது போனபின் கண்ணாடி போன்ற திசுவின் ஊடாகச் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. விலங்கு உயிருடன்தான் இருக்கிறது. ஆனால் பட்டினி கிடக்கிறது. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் பெருகி, பவளம் பிழைத்துக்கொள்ளும். குளிராவிட்டால் இறக்கும், இறந்த கூட்டின்மேல் விரைவிலேயே வேறு பாசிகள் படர்ந்து, அது பழுப்பாகவோ பச்சையாகவோ மாறிவிடும். ஆகவே தூய வெள்ளையாக நிற்கும் பவளம் பெரும்பாலும் இன்னும் இறக்காதது, அல்லது மிக அண்மையில் இறந்தது.

எந்த அளவு வெப்பம் ஆபத்தானது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கு வழக்கமாக உள்ள சராசரியைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாக ஒரு வாரம் நீடித்தால், அது ஒரு வெப்ப அலகு. பன்னிரண்டு வாரங்களில் இப்படி 4 அலகுகள் சேர்ந்தால் பரவலான வெளிறலையும், 8 அலகுகள் சேர்ந்தால் பரவலான இறப்பையும் எதிர்பார்க்கலாம். உயிர் பிழைத்த பவளமும் முன்போல் வளராது. இனப்பெருக்கமும் ஓரிரு ஆண்டுகளுக்குக் குன்றும். இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

கேள்வி: நாம் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீன்தான் பவளங்களைக் கொல்கிறது என்கிறார்களே, உண்மையா?

ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய வேதிப்பொருள்கள் பவளத்துக்குத் தீங்கு செய்வதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அதனால்தான் பலாவு 2020 முதலும், ஹவாய் 2021 முதலும் இவை கலந்த பூச்சுகளின் விற்பனைக்குத் தடை விதித்தன. ஆனால் சோதனைகள் பலவற்றில் பயன்படுத்திய செறிவு, பெரும்பாலான பாறைகளைச் சூழ்ந்த நீரில் அளக்கப்பட்டதைவிட மிக அதிகம். கூட்டம் கூட்டமாக மக்கள் குளிக்கும், நீரோட்டம் குறைந்த சிறு விரிகுடாவில் இது கவலைக்குரியதே. உலகப் பவளங்களின் அழிவை இதன்மேல் ஏற்றுவது சரியன்று. குளிப்பவர் எவரும் எட்டிப்பாராத பாறைகளும் வெளிறி இறந்திருக்கின்றன. முழுக்கைச் சட்டை அணிந்து நீரில் இறங்குங்கள். பூச்சின் தேவை பெருமளவு குறையும்.

கேள்வி: நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பவளப்பாறைகளை என்ன செய்யும்?

அலையின் மோதலைவிட நிலத்தின் அசைவு கொடியதாக இருக்கலாம். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் சுமத்திராவுக்கு மேற்கேயுள்ள சிமெலுவே தீவின் ஒரு பகுதியும் வட அந்தமானின் கரைகளும் மேலெழும்பின. அதுவரை நீருக்கடியில் இருந்த பவளங்கள் காற்றில் வெளிப்பட்டு அப்படியே மாண்டன. தப்பிக்க வழியே இல்லாத இறப்பு அது. ஆயினும் அதே பகுதியில், சற்று ஆழத்தில், புதிய பவளங்கள் குடியேற இடம் இருந்தது.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 1985 முதல் 2012 வரை நேர்ந்த இழப்பைக் கணக்கிட்ட ஆய்வு, 48 விழுக்காட்டைப் புயல்களின்மேலும், 42 விழுக்காட்டை முள்முடி நட்சத்திர மீனின்மேலும், வெறும் 10 விழுக்காட்டை வெளிறலின்மேலும் சுமத்துகிறது. பத்தில் ஒன்பது பங்கு இயற்கையின் செயல் எனில், மனிதரைக் குற்றம் சொல்வது ஏன்?

நீங்கள் தந்த எண்கள் சரியானவை. எண்களோடு வந்ததற்கு நன்றி. அந்தக் காலத்தில் அங்கே பவளப் பரப்பு 28 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அந்த எண்களிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியன்று.

முதலாவதாக, முள்முடி நட்சத்திர மீனை முழுக்க இயற்கையின் கணக்கில் எழுத முடியாது. அது அந்தக் கடலின் பழைய குடிதான். சிறு எண்ணிக்கையில் இருக்கும்போது, விரைவாக வளரும் பவளங்களைத் தின்று மெதுவாக வளர்பவற்றுக்கு இடம் விடுகிறது. பெருகி வெடிக்கும்போதுதான் பாறை மொட்டையாகிறது. ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை விடும். அவற்றிலிருந்து வரும் லார்வாக்கள் மிதவைப் பாசியை உண்கின்றன. வயல்களில் இட்ட உரம் வெள்ளத்தோடு கடலில் கலந்து மிதவைப் பாசியைப் பெருக்கினால், வழக்கமாக அழிந்துபோகும் லார்வாக்களில் மேலும் பல பிழைக்கின்றன. வளர்ந்த நட்சத்திர மீனைத் தின்னும் பெரிய ட்ரைட்டன் சங்கை, சங்கின் அழகுக்காக மனிதர் நெடுங்காலம் வாரி எடுத்தார்கள். இந்தக் காரணங்களுள் எது எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது. ஆனால் மனிதக் கை இதில் இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது செய்தி அந்த ஆய்விலேயே இருக்கிறது. நட்சத்திர மீன் மட்டும் இல்லாதிருந்தால், புயலும் வெளிறலும் தொடர்ந்தபோதிலும் பவளப் பரப்பு ஆண்டுக்கு 0.89 விழுக்காடு கூடியிருக்கும் என்று அதே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதாவது புயல் பவளப்பாறையை உடைக்கிறது, முடித்துவிடுவதில்லை. உடைந்த மான்கொம்புப் பவளத்தின் துண்டுகள் அசையாமல் தங்கும் இடம் கிடைத்தால் அங்கேயே ஒட்டிக்கொண்டு புதிய கூட்டமாக வளரும். கோடையின் உச்சத்தில் வீசும் புயல் நீரைக் கலக்கிக் குளிர்வித்து வெளிறலையே தடுப்பதும் உண்டு.

பவளப்பாறைக்கு அடி விழுவது புதிதன்று. இரண்டு அடிகளுக்கு நடுவே எத்தனை ஆண்டுகள் கிடைக்கின்றன என்பதே வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது. விரைவாக வளரும் கிளைப் பவளங்கள்கூட மீண்டு நிற்கப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் கடும் வெளிறல் ஒரே பாறைக்கு 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்ந்தது. இப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை. கிரேட் பேரியர் ரீஃபில் பெருவெளிறல் நேர்ந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024, 2025. நீங்கள் காட்டும் ஆய்வு 2012-இல் முடிந்துவிட்டது.

கேள்வி: சன்ஸ்கிரீன் பூசிக் கடலில் இறங்கலாமா?

மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (முன்பு எண்களோடு கேட்டவர்): 2022-இல் அதே கிரேட் பேரியர் ரீஃபின் வடக்கு, நடுப் பகுதிகளில் 36 ஆண்டுக் கண்காணிப்பிலேயே மிக அதிகமான பவளப் பரப்பு பதிவாயிற்று. உங்கள் பட்டியலின்படி 2016 முதல் அதற்குள் நான்கு வெளிறல்கள் நேர்ந்துவிட்டன. மேலும் பவளங்கள் பூமியில் பல கோடி ஆண்டுகளாக வாழ்கின்றன. இவற்றையும் விளக்குவீர்களா?

அந்தப் பதிவும் உண்மை. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த உயர்வைத் தந்தவை பெரும்பாலும் அக்ரோபோரா என்னும் பவள இனங்கள். அவை ஓர் ஆண்டில் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் வளர்பவை. ஆனால் வெப்பத்தில் முதலில் வெளிறுவதும், புயலில் முதலில் உடைவதும், நட்சத்திர மீன் முதலில் தேடி உண்பதும் அவையே. ஆகவே அது வேகமாக ஏறி வேகமாக இறங்கக்கூடிய உயர்வு. 2024 வெப்பத்துக்குப்பின், 2025-இல் வெளியான அதே கண்காணிப்பின் அறிக்கையில் வடபகுதியின் பரப்பு சுமார் கால் பங்கும், தென்பகுதியின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் ஒரே ஆண்டில் வீழ்ந்திருந்தன. 2022-ஐ மட்டும் காட்டி நலம் என்பதும், 2025-ஐ மட்டும் காட்டி முடிந்தது என்பதும் ஒரே வகைத் தவறு. பரப்பு எவ்வளவு என்பதோடு, எந்த இனங்கள், எவ்வளவு மூத்தவை என்றும் கேட்க வேண்டும். இருநூறு ஆண்டுகள் வளர்ந்த ஒரு குன்றுப் பவளம் இறந்த இடத்தை ஐந்து வயது அக்ரோபோரா நிரப்பினால் பரப்பின் கணக்கு நேராகிவிடும். பாறையின் இழப்பு நேராகாது.

பல கோடி ஆண்டுகள் என்னும் வாதத்தைப் பொறுப்போடு முன்வைப்பவர் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய கற்பவளங்களின் வரிசை ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் புதைபடிவங்களில் தோன்றுகிறது. அதற்கு முன்பு பாறைகளில் வாழ்ந்த ரூகோஸ், டபுலேட் என்னும் பவள வகைகள் பெர்மியன் காலத்தின் இறுதியில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்தன. பேரழிவுகளுக்குப்பின் பாறைகள் மீண்டும் எழப் பல இலட்சம் முதல் பல கோடி ஆண்டுகள் வரை ஆயின. பவளம் மீளும் என்பதை நானும் நம்புகிறேன். அந்தக் கால அளவு இன்று அதனருகில் வாழும் எந்த மனிதருக்கும் பயன்படாது.

கேள்வி: உங்கள் இருவர் வாதத்தையும் படித்தபின் கேட்கிறேன். வெப்பமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், மீன்பிடியைக் கட்டுப்படுத்துவதும் கழிவுநீரைத் தடுப்பதும் வீண்தானே?

இந்த முடிவுக்கு எவரும் வந்துவிடக் கூடாது என்பதே என் அச்சம். உங்கள் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. 2016-இல் கிரேட் பேரியர் ரீஃபின் மிகத் தொலைவான, மிகத் தூய்மையான வடபகுதியே மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டது. நல்ல நீரும் மீன்பிடித் தடையும் வெளிறலைத் தடுக்கவில்லை. ஆனால் வெளிறலைத் தடுப்பது வேறு, வெளிறியபின் மீள்வது வேறு.

ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால் ஸ்காட் ரீஃப் இருக்கிறது. 1998 வெப்பத்துக்குப்பின் அதன் பவளப் பரப்பு 9 விழுக்காட்டுக்கு இறங்கியது. பவள லார்வாக்களை அனுப்ப அருகில் வேறு பாறை இல்லை. இருந்தும் பன்னிரண்டு ஆண்டுகளில் 44 விழுக்காட்டுக்கு ஏறியது. வண்டலும் கழிவும் இல்லை, பாசி மேயும் மீன்கள் குறையாமல் இருந்தன. இதற்கு நேர்மாறானது ஜமைக்கா. அங்கே கிளிமீன் உள்ளிட்ட மேயும் மீன்களைப் பல பத்தாண்டுகளாக அளவுமீறிப் பிடித்ததால், பாசியைத் தின்னும் வேலை முழுவதும் டயடீமா என்னும் நீள்முள் கடல் முள்ளெலியின்மேல் விழுந்தது. 1980-இல் ஆலன் புயல் பவளங்களை உடைத்தது. 1983-இல் ஒரு நோய் கரீபியன் முழுவதும் பரவி அந்த முள்ளெலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றைக் கொன்றது. 1970-களின் பிற்பகுதியில் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990-களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே போய், பாறைகளைப் பாசி மூடியது. புயலும் நோயும் இயற்கையின் அடிகள். அவற்றிலிருந்து மீளும் வலிமையை முன்கூட்டியே பறித்தது மனிதரின் வலை. முன்பு எண்களோடு கேட்டவருக்கும் என் பதில் இதுவே.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் என் பவளம் சுருங்குகிறது. என்ன செய்யலாம்?

தொட்டி வளர்ப்பு என் துறை அன்று. அதில் பழக்கமுள்ளவரிடம் நீரின் அளவீடுகளோடு கேளுங்கள். கடலிலிருந்து பிடுங்கப்பட்ட பவளத்தை மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: முக்குளிக்கும்போது முள்முடி நட்சத்திர மீனைக் கண்டால் வெட்டிப்போடலாமா?

வெட்டாதீர்கள். வெட்டுண்ட மீன் மீண்டும் வளரக்கூடும். முட்களில் நஞ்சும் உண்டு. பயிற்சி பெற்ற குழுக்கள் பித்த உப்பையோ காடியையோ ஒரே ஊசியில் செலுத்திக் கொல்கின்றன. கணக்கில்லாமல் கொல்வதால் பயனும் இல்லை; பெருக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்து அங்கே குறைக்க வேண்டும். கண்ட இடத்தையும் எண்ணிக்கையையும் பொறுப்பானவர்களிடம் தெரிவியுங்கள்.

கேள்வி: முழுவதும் வெள்ளையாகிவிட்ட பவளங்களை இறந்தவை என்று கருதி அகற்றிவிடலாமா?

கூடாது. முதல் பதிலைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். பட்டினி கிடக்கும் உயிரைப் பிடுங்கி எறிவதாகும் அது.

கேள்வி: எங்கள் குழு பழைய டயர்களைக் கடலில் இறக்கிப் பவளம் நட விரும்புகிறது. ஆலோசனை கூறுங்கள்.

டயர் வேண்டாம். ஃபுளோரிடாவில் 1970-களில் நல்லெண்ணத்தோடு ஏறத்தாழ இருபது இலட்சம் டயர்களைக் கடலடியில் இறக்கினார்கள். கட்டிய பிணைப்புகள் அறுந்து, டயர்கள் புயலில் உருண்டு, அருகிலிருந்த உண்மையான பாறையை அரைத்தன. அவற்றை வெளியே எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அசையும் எதன்மேலும் பவளம் நிலைக்காது. வெடிவைத்து மீன் பிடித்த இடங்கள் பல பத்தாண்டுகளுக்குப்பின்னும் மீளாததற்கும் உருளும் கற்துண்டுகளே காரணம். நடுவதையும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். அங்கிருந்த பவளம் ஏன் இறந்தது என்று தெரியாமல் நட்டால், அதே காரணம் புதியதையும் கொல்லும். 2023 கோடையில் ஃபுளோரிடாவின் கடல் நாற்றங்கால்களில் வளர்த்த பவளங்களையே கரையிலுள்ள தொட்டிகளுக்கு அள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

கேள்வி: கடல் அமிலமாவதால் பவளம் கரைந்துவிடுமா?

உடனே கரையாது, கட்டும் வேகம் குறையும். கடல்நீர் கரியமில வாயுவை உறிஞ்சும்போது, கூடு கட்டத் தேவையான கார்பனேட் அயனிகள் குறைகின்றன. தொழிற்புரட்சிக்குப்பின் மேல்மட்டக் கடல்நீரின் பி.எச். ஏறத்தாழ 0.1 குறைந்துள்ளது, அமிலத்தன்மை சுமார் 30 விழுக்காடு கூடியதற்கு அது சமம். பப்புவா நியூ கினியில் கடலடியிலிருந்து கரியமில வாயு இயற்கையாகக் கசியும் இடங்களில், கிளைப் பவளங்கள் அருகி, குன்று போன்ற சில இனங்களே மிஞ்சுகின்றன.

கேள்வி: ஓர் ஊர் தானே செய்து, தன் கண்ணாலேயே பயனைப் பார்த்த செயல் எங்காவது உண்டா?

உண்டு. ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் பல ஆண்டுகளாகக் கழிவுநீர் விழுந்து, குமிழ்ப் பாசி பவளங்களை மூடியிருந்தது. 1977, 1978 ஆண்டுகளில் அந்தக் கழிவுநீரை விரிகுடாவுக்கு வெளியே ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். சில ஆண்டுகளில் நீர் தெளிந்து, பாசி குறைந்து, பவளப் பரப்பு மீண்டும் பெருகியது. உங்கள் கரையில் கழிவுநீர்க் குழாய் எங்கே முடிகிறது, அந்த இடத்திலிருந்து நீரோட்டம் எந்தப் பாறையை நோக்கிப் போகிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.