மழை பெய்தால் போர் தண்ணீர் கலங்குகிறது: ஆர்.ஓ. வாங்கினால் சரியாகுமா?

கேள்வி: எங்கள் வீட்டு போர் 120 அடி. மழை பெய்த மறுநாள் தண்ணீர் மண் நிறத்தில் கலங்கி வருகிறது. ஆர்.ஓ. விற்க வந்தவர் டம்ளரில் ஏதோ கருவியை விட்டார், தண்ணீர் சேறாகிவிட்டது. டி.டி.எஸ். 640 என்றும் சொன்னார். வாங்கிவிடலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சேறு உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியில் உள்ள இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து உண்டானது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. மறுபடி வந்தால் அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே வித்தையைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். ஆண்டுக்கணக்காகத் தெருத்தெருவாக இது நடக்கிறது, கேட்பாரில்லை.

டி.டி.எஸ். என்பது கரைந்த உப்பின் கணக்கு. கலங்கலை அந்த மீட்டர் அளக்காது. இந்தியத் தரத்தின்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 2000 வரை ஏற்கலாம். கலங்கலுக்கு அளவு என்.டி.யு.; தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, துகள்களில் பட்டு எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பார்கள். அதற்கு வரம்பு 1, வேறு வழியில்லாவிட்டால் 5.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், பலர் இதில்தான் வீணாகப் பயப்படுகிறார்கள். தண்ணீர் பால் போல வெளுத்து வந்தால் கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுத்தாலும் இப்படி வரும். குடித்தால் ஒன்றும் ஆகாது. மேலிருந்து தெளிந்து அடியில் வண்டல் தங்கினால்தான் மண்.

உங்களுடையது மண். மழையை ஒட்டிக் கலங்குகிறது என்றால், மேல் தண்ணீர் நேரே போருக்குள் இறங்குகிறது என்றே சந்தேகிக்க வேண்டும். போரின் பக்கச் சுவர் சரியாமல் இறக்கும் கேசிங் பைப் விரிசல் விட்டிருக்கலாம், அதைச் சுற்றிலும் சிமென்ட் போடாமல் விட்டிருக்கலாம். மண் வரும் வழியில் செப்டிக் டேங்க் கசிவும் வரும், கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டாலும் துகளுக்குள் ஒளிந்த கிருமிக்கு அது எட்டாது. ஆர்.ஓ. மாட்டினாலோ ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாதாமாதம் சர்வீஸ்காரருக்கு வருமானம்.

கேசிங்கைச் சரிசெய்யும் வரை தண்ணீரைத் தெளியவைத்து, வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் தெளியவைக்கும், கிருமிக்கு அவை போதாது.

மாவட்ட ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் உப்புக் கணக்கோடு அறிக்கையைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள், என்ன செய்வது என்று ஒரு வரி இருக்காது. மாதிரியைக் கிருமி நீக்கிய பாட்டிலில், தண்ணீர் கலங்கி வரும் நாளிலேயே எடுத்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தெளிந்த பிறகு எடுத்தால் எல்லாம் சரி என்றே வரக்கூடும்.