குரோமியம் மாத்திரை சர்க்கரையைக் குறைக்குமா?

கேள்வி (காரைக்குடி வாசகி): என் வீட்டுக்காரருக்கு வயது 58. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் சாப்பிடுகிறார். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.2. சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி குரோமியம் பிகோலினேட் (குரோமியம் என்ற தாதுச்சத்து உள்ள மாத்திரை) டப்பா ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். "இதைப் போட்டுக்கொண்டு பழைய மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்கிறார் இவர். சரியா?

பதில்: பழைய மாத்திரையில் கை வைக்கவே வேண்டாம். குரோமியம் அதற்கு மாற்று கிடையாது.

இன்சுலின் வேலை செய்யக் குரோமியம் உதவுகிறது என்ற பேச்சு 1950-களிலிருந்தே இருக்கிறது. அதற்குப் பெரிய பலமாகக் காட்டப்படுவது 1997-இல் வெளிவந்த சீன ஆய்வு. 180 பேருக்கு நான்கு மாதம் கொடுத்தார்கள். தினம் 1000 மைக்ரோகிராம் எடுத்தவர்களின் எச்பிஏ1சி 6.6, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 8.5. படித்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் 2006-இல் நெதர்லாந்தில், இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுப்படாத பருமனானவர்களுக்கு 500, 1000 மைக்ரோகிராம் என்று ஆறு மாதம் கொடுத்துப் பார்த்ததில் பலனே இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் இதை வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. எங்கள் கருத்தும் அதுவே: பணம் கொடுத்து வாங்க வேண்டிய மாத்திரை அல்ல.

டப்பாவின் பின்பக்கத்தையும் பாருங்கள். 'குரோமியம் 500 மைக்ரோகிராம்' என்று இருந்தால் அவ்வளவும் குரோமியம். 'குரோமியம் பிகோலினேட் 500 மைக்ரோகிராம்' என்று மட்டும் இருந்தால், உள்ளே குரோமியம் எட்டில் ஒரு பங்கு, 62 மைக்ரோகிராம்தான். இது தெரியாமல் இரண்டு மூன்றாகப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

அவர் கேட்கவே மாட்டேன் என்றால், டப்பாவை எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரிடம் போங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ கல்லீரல் கோளாறோ இருந்தால் தொடவே கூடாது. தினம் 1200 மைக்ரோகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் எடுத்துச் சிறுநீரகம் செயலிழந்ததாக மருத்துவப் பதிவு இருக்கிறது. இன்னொன்று, கிளிமிபிரைடே சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுங்கள். குறையவில்லையென்றால் டப்பாவை மூடிவிடலாம். அந்த மூன்று மாதத்துக்குள் சாப்பாட்டையும் மாத்திரையையும் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

8.2-க்கு உண்மையான வழி இருக்கிறது. அவர் எடுப்பது நாளுக்கு 1000 மி.கி. மெட்ஃபார்மின்தான். சிறுநீரகம் நன்றாக இருந்தால் டாக்டர் அதை 2000 வரை படிப்படியாக ஏற்ற இடமிருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): குரோமியத்தைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா?

பதில்: கூடாது. குரோமியம், தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸின் மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. குரோமியம் எடுப்பதானால் நான்கு மணி நேரம் கழித்து.

கேள்வி (காரைக்குடி வாசகி): குரோமியம் சாப்பாட்டிலேயே கிடைக்காதா? கவுனி அரிசி நல்லது என்கிறார்களே?

பதில்: கிடைக்கும். அமெரிக்காவில் 2001-இல் வகுத்த அளவுப்படி, ஐம்பது தாண்டிய ஆணுக்கு நாளுக்கு 30 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 20 போதும். முழுத் தானியம், பருப்பு, கறி இவற்றிலேயே வந்துவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் புளிக்குழம்பு கொதித்தால் அதிலிருந்தும் துளி இறங்கும். கவுனி அரிசியில் தவிடு இருப்பது நல்லதுதான். ஆனால் நம் வீட்டு விசேஷங்களில் அதைக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் கொட்டிக் கிளறித்தானே பரிமாறுகிறோம்? சர்க்கரை உள்ளவருக்கு அது இனிப்புப் பலகாரம். இரண்டு டேபிள் ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டு, அன்றைக்கு வெள்ளைப் பணியாரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். கவுனியைச் சர்க்கரை போடாமல், சோறு போல உதிரியாக வடித்துக் குழம்போடு சாப்பிடுவதானால், வெள்ளைச் சோற்றுக்குப் பதிலாக ஒரு கப் வைக்கலாம். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள்.