கணக்குக் கேள்வி-பதில்: இந்த வாரம் முடிவிலி மட்டும்

போன வாரம் பூஜ்யத்தால் வகுப்பதைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முடிவிலிதான். சரி, இந்த வாரம் வேறு எதுவும் இல்லை.

கே: 1-ஐ 0-ஆல் வகுத்தால் முடிவிலிதானே? கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் காட்டுகிறது.

ப: அது கம்ப்யூட்டர்காரர்கள் வேலை நின்றுபோகாமல் இருக்கத் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. 1985-இல் விதியாகவே எழுதி வைத்தார்கள். கணக்கில் அப்படி இல்லை. 1-ஐ 0.001-ஆல் வகுங்கள், 1000. -0.001-ஆல் வகுங்கள், -1000. பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். எதை விடை என்பீர்கள்? ‘வரையறுக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். பெரியவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள்: 628-இல் பிரம்மகுப்தர் 0/0-ஐ 0 என்றார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாதது என்று சொல்லி, பூஜ்யத்தால் வகுத்ததற்கு ‘கஹரம்’ என்று பெயரே வைத்தார்.

கே: 0.999… என்பது 1-ஐ விடக் கொஞ்சம் குறைவுதானே?

ப: எவ்வளவு குறைவு? அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கே: முடிவிலி மைனஸ் முடிவிலி = 0. சரியா, தவறா? நாளை பரீட்சை, உடனே பதில் தேவை.

ப: தம்பி, எதிலிருந்து எதை எடுத்தாய் என்று எழுதவே இல்லையே. 1, 2, 3, … என்ற வரிசையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தால் மிச்சம் 0. 4-இல் தொடங்கி எல்லாவற்றையும் எடுத்தால் மிச்சம் 3. இரட்டைப்படை எண்களை மட்டும் எடுத்தால் மிச்சமும் முடிவிலி. மூன்றிலும் எடுத்தது முடிவிலிதான். முதலில் விதியைச் சொல், அப்புறம் விடையைக் கேள்.

கே: இரட்டைப்படை எண்கள் மொத்த எண்களில் பாதிதானே இருக்கும்?

ப: கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஓர் இலைக்கு ஒருவர்தான், யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை. எண்ணிப் பார்க்காமலேயே இலையும் ஆளும் சமம் என்று சொல்லிவிடலாம். இப்போது 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என்று இலை போடுங்கள். யாராவது நிற்கிறார்களா? இல்லை. அப்படியானால் சமம்தான். வர்க்க எண்களை வைத்து இதே புதிரை 1638-இல் கலிலியோ எழுதினார். ஆனால் முடிவிலிகளுக்குள் பெரிது, சிறிது, சமம் என்ற பேச்சே பொருந்தாது என்று விலகிக்கொண்டார்.

கே: 1 + 2 + 3 + 4 + … = -1/12 என்று ராமானுஜன் நிரூபித்திருக்கிறாராமே! வீடியோவில் பார்த்துப் புல்லரித்துப்போனேன்.

ப: இந்தக் கடிதம் மாதத்துக்கு நாலு வருகிறது. உங்களுக்குப் புல்லரிக்கிறது, எனக்கு எரிகிறது.

கூட்டித்தான் பாருங்களேன். 1, 3, 6, 10, 15. எங்காவது மைனஸ் பக்கம் திரும்புகிறதா? திரும்பாது. சாதாரணக் கூட்டலில் இது விரிந்துகொண்டே போகும் தொடர், அவ்வளவுதான்.

ராமானுஜன் என்ன எழுதினார்? சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குப் போட்ட கடிதத்தில், ‘என் கோட்பாட்டின்படி’ என்று சேர்த்துத்தான் எழுதினார். இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்வீர்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது. வீடியோ போடுகிறவர்கள் அந்தச் சொற்களை வெட்டிவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள்.

வீடியோவில் தொடரை ஒரு கட்டம் தள்ளி வைத்துக் கழித்திருப்பார்கள். அதே வித்தையை நானும் காட்டுகிறேன். 1 + 2 + 3 + … என்பதிலிருந்து, ஒரு கட்டம் தள்ளிய 0 + 1 + 2 + … என்பதைக் கழியுங்கள். இரண்டும் ஒரே தொகை என்பதால் விடை 0. கட்டம் கட்டமாகக் கழித்தால் 1 + 1 + 1 + …. ஆக, 1 + 1 + 1 + … = 0. இதையும் ஒரு கட்டம் தள்ளிக் கழியுங்கள். ஒரு பக்கம் 0, மறுபக்கம் 1. அதாவது 0 = 1! இதற்கும் புல்லரிக்குமா?

-1/12 பொய்யில்லை. ஸீட்டா சார்பு என்று ஒன்று உண்டு. s என்ற எண்ணுக்கு அதன் தொடர் 1/1ˢ + 1/2ˢ + 1/3ˢ + …; s = -1 என்று போட்டால் அது 1 + 2 + 3 + … ஆகிவிடும். தொடர் ஒருங்கும் இடத்தில், அதாவது கூட்டக் கூட்ட ஒரே எண்ணை நெருங்கும் இடத்தில், சார்பு தொடரின் தொகையோடு ஒத்துப்போகும், தொடர் விரியும் இடத்துக்கு அதை வேறு வழியில் நீட்டிக்கொண்டு போகலாம். 1859-இல் ரீமான் அப்படி நீட்டினார். நீட்டிய சார்புக்கு -1 என்ற இடத்தில் மதிப்பு -1/12. ஆய்லர் அதற்கு நூறு வருஷம் முன்பே மோப்பம் பிடித்திருந்தார். அது சார்பின் மதிப்பு, உங்கள் மளிகைக் கடைக் கூட்டல் இல்லை. மறுபடி சொல்கிறேன்: முதலில் விதி, அப்புறம் விடை.

கே: பிரபஞ்சத்தில் உள்ள அணுக்கள் முடிவிலிதானே?

ப: நம் பார்வைக்கு எட்டுகிற பிரபஞ்சத்தில் சுமார் 1-க்குப் பின் 80 பூஜ்யம். முடிவிலிக்கு அது 7-ஐ விட ஓர் அங்குலம்கூடப் பக்கத்தில் இல்லை.

கே: எல்லா முடிவிலியும் சமம் என்று முடிவுக்கு வரலாமா?

ப: கூடாது. 1874-இல் கேன்டர் இதை உடைத்தார். 1891-இல் அவர் கொடுத்த வழி இன்னும் அழகு. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தசம எண்களை எல்லாம் பட்டியல் போட்டுவிட்டதாகச் சொல்லுங்கள்: 0.5137…, 0.2208…, 0.9941…. முதல் எண்ணில் முதல் இலக்கம் 5, இரண்டாவதில் இரண்டாவது 2, மூன்றாவதில் மூன்றாவது 4. 4 வந்தால் 5, வேறு எது வந்தாலும் 4 என்று மாற்றி எழுதுகிறேன்: 0.445…. இது உங்கள் பட்டியலில் எந்த எண்ணோடும் ஒத்துப்போகாது. ‘இதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்’ என்பீர்கள். சேருங்கள், இன்னொன்று செய்து தருகிறேன். ஆக, 1, 2, 3, … என்று பட்டியல் போடக்கூடிய முடிவிலியை விடத் தசம எண்களின் முடிவிலி பெரிது.

கே: அந்த இரண்டு முடிவிலிக்கும் நடுவில் இன்னொரு முடிவிலி உண்டா? ஆம் / இல்லை என்று மட்டும் சொல்லவும்.

ப: கணங்களை (பொருள்களின் தொகுப்புகளை) பற்றி நிரூபணம் கேட்காமல் நாம் வழக்கமாக ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதிகளை, அதாவது கண அடிகோள்களை, வைத்து ‘இல்லை’ என்பதைத் தவறென்று காட்ட முடியாது என்று கோடெல் 1940 வாக்கில் நிறுவினார். அதைச் சரியென்றும் காட்ட முடியாது என்று 1963-இல் கோஹன் நிறுவினார். ஆம் / இல்லை கட்டத்தில் இது அடங்காது.