வீட்டை அடமானம் வைக்கும் முன் ஐம்பது பேருக்கு ஒரு மடல்

அம்மா, உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி நான்கு வரி, உறவினர்கள் சொன்னதைப் பற்றி இரண்டு பக்கம். எனக்கு அந்த நான்கு வரிதான் முக்கியம். பட்டப்படிப்பு முடித்துவிட்டாள். தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்காக வாரம் ஒரு குறிப்பு எழுதித் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறாள். யார் பதில் போட்டார்கள், எந்தக் குறிப்புக்கு யாரும் பதில் போடவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். இணைய மார்க்கெட்டிங் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். அவளுடைய பெரியப்பாவோ, மேலாண்மைப் பட்டம் இல்லாதவளை அந்தத் துறையில் யாரும் மதிக்க மாட்டார்கள், வீட்டை அடமானம் வைத்தாவது பெயர் பெற்ற கல்லூரியில் இரண்டு வருடம் சேருங்கள் என்கிறார்.

நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் பயத்தைத் தணிப்பதற்காக வீட்டை அடகு வைக்காதீர்கள். இந்தப் பெண்ணுக்கு, இந்த நேரத்தில், அந்தப் பட்டம் தேவையற்ற செலவு. நான்கைந்து வருடம் வேலை பார்த்து, ஒரு குழுவை நடத்தும் பொறுப்புக்குப் போக நினைப்பவருக்கு அது உதவும். முதல் வேலை தேடுகிறவரிடம் இந்தத் துறையில் கேட்கப்படும் கேள்வி வேறு: "நீ செய்ததைக் காட்டு, அதில் என்ன நடந்தது, எதைத் திருத்தினாய்?" இரண்டு வருட வகுப்பறை அதற்குப் பதில் தராது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொழிலின் கருவிகள் பாடத்திட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுளின் பழைய அனலிட்டிக்ஸ் கருவி 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு சேகரிப்பதை நிறுத்தியது. அந்தத் திரைகளை மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று. கருவியைக் கையாளக் கற்றுத்தரும் வகுப்புகளைக் கூகுளின் ஸ்கில்ஷாப்பும் ஹப்ஸ்பாட் அகாடமியும் இலவசமாகவே நடத்துகின்றன, சான்றிதழும் தருகின்றன. அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பத்தில் ஒரு வரிதான் இடம். அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை, பணம் கட்டி வாங்கினாலும்.

கடன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாதத் தவணை கழுத்தைப் பிடித்தால், முதலில் கிடைக்கிற வேலையை, அது எதுவானாலும், அவள் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டிய வருடங்கள் தவணை கட்டுவதிலேயே போய்விடும். "மூன்று மாதப் பயிற்சி, வேலை உறுதி" என்கிற குறுகிய வகுப்புகளுக்கும் இதையே சொல்வேன். பணம் கட்டுமுன், அங்கே படித்தவர்கள் செய்த வேலைகளில் பத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேடல் விளம்பரம், சமூக ஊடகம், காணொளி பற்றியெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். உங்கள் மகள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதையே நான் தொழிலாகப் பார்க்கிறேன். அதற்குப் பெயர் மின்னஞ்சல் மார்க்கெட்டிங்.

அது பழசாயிற்றே என்று பெரியப்பா கேட்பார். 1971இல் ரே டாம்லின்சன் கணினி வலையமைப்பு வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார்; அவ்வளவு பழசுதான். சமூக ஊடகத்தில் சேர்த்த கூட்டம் அந்த நிறுவனத்தின் விதிக்குக் கட்டுப்பட்டது. விதி மாறினால் எழுதியது யாருக்கும் போய்ச் சேராது. முகவரிப் பட்டியல் அப்படியில்லை. மடல் அனுப்பித் தரும் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். அதனால்தான் இணையத்தில் விற்கும் நிறுவனங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது. வேலை அறிவிப்பில் "சிஆர்எம்" (வாடிக்கையாளர் உறவைப் பேணுவது), "லைஃப்சைக்கிள்" (வாடிக்கையாளரின் ஒவ்வொரு கட்டத்திலும் தொடர்பில் இருப்பது), "ரிட்டென்ஷன்" (வந்தவரைத் தக்கவைப்பது) என்று பெயர் போட்டிருப்பார்கள். பெயரைப் பார்த்து இது என்ன வேலை என்று தெரியாமலே பலர் கடந்து போகிறார்கள். இதில் பாதி எழுத்து, பாதி தொழில்நுட்பம். எழுதத் தெரிந்தவர்கள் இரண்டாவது பாதிக்குப் பயப்படுகிறார்கள். கணினி தெரிந்தவர்கள் முதல் பாதியை மதிப்பதில்லை. உங்கள் மகளின் நோட்டில் இரண்டுமே இருக்கின்றன.

இனி வருவதை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

முதலில் சொந்த டொமைன் ஒன்று, அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர், வேண்டும். இலவச முகவரியிலிருந்து மொத்தமாக அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வேறு சர்வர்களிலிருந்து (மடல் அனுப்பும் கணினிகளிலிருந்து) வரும் மடல்களை நிராகரிக்கும்படி மடல் பெறும் சேவைகளுக்குச் சொன்னது. ஜிமெயிலும் தன் பெயரை இரவல் வாங்குவோரிடம் கடுமையாகிவிட்டது. டொமைன் வந்ததும் அதன் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்தப் பெயருக்குரிய விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பதிவேட்டில், மூன்று பதிவுகளைப் போட வேண்டும். மடல் உண்மையிலேயே அவளிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு அவைதான் சான்று.

எஸ்பிஎஃப் என்பது இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது பழையதைத் திருத்தாமல் இரண்டாவது பதிவு போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு; அப்படிச் செய்தால் இரண்டுமே செல்லாது. அந்தப் பதிவைச் சரிபார்க்க நேரும் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் தோல்விதான். டிகேஐஎம் என்பது மடலின் மேல் விழும் டிஜிட்டல் கையொப்பம். அந்தக் கையொப்பத்துக்கு 2048 பிட் நீளச் சாவியைத் தேர்ந்தெடுக்கவும். மூன்றாவது டிமார்க். முதல் இரண்டில் ஏதாவது ஒன்று தேறியிருப்பதோடு, தேறிய டொமைனும் அனுப்புநர் வரியில் தெரியும் டொமைனும் ஒன்றா என்று இது பார்க்கும். பலர் தடுக்கி விழும் இடம் இது. மடல் சேவை தன்னுடைய டொமைனில் கையொப்பம் போட்டிருக்கும், டிகேஐஎம் தேறிவிடும், டிமார்க் தோற்றுவிடும். சேவையின் அமைப்புப் பக்கத்தில் சொந்த டொமைனைச் சரிபார்த்துவிட்டால் இது தீரும். டிமார்க் கொள்கையை முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வைத்துச் சில வாரம் அறிக்கைகளைப் படிக்க வேண்டும். பிறகு "சந்தேகப் பெட்டியில் போடு", கடைசியில் "நிராகரி". எடுத்த எடுப்பில் கடைசி நிலைக்குப் போனால் தன்னுடைய மடலையே தடுத்துக்கொள்வாள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தன் ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்பி "ஷோ ஒரிஜினல்" திறந்தால் போதும். மூன்றுக்கும் எதிரே "பாஸ்" என்று இருக்க வேண்டும். அந்தத் திரையைப் படம் எடுத்து வைக்கட்டும், நேர்காணலில் பயன்படும்.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புவோருக்கு இந்த மூன்றும் கட்டாயம். விளம்பர மடலில் ஒரே க்ளிக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்வோரின் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே கதை முடிந்தது என்று இதற்கு அர்த்தம். எனவே விலகும் இணைப்பை ஒளித்து வைப்பது முட்டாள்தனம். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

பட்டியலை விலைக்கு வாங்குவது அதைவிட மோசம். அதில் செத்த முகவரிகள் இருக்கும். வாங்கி அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி முகவரிகளும் இருக்கும். 1978 மே மாதத்தில், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்குக் கேட்காமலே விளம்பரம் அனுப்பினார். அன்றே கண்டனம் எழுந்தது. அனுமதி என்பது இந்தத் தொழிலின் அடித்தளம். முகவரி கொடுத்தவருக்கு ஓர் உறுதிப்படுத்தும் மடல் போக வேண்டும். அதிலுள்ள இணைப்பை அழுத்திய பிறகே அவர் பட்டியலில் சேர வேண்டும். இப்படிச் செய்தால் பட்டியல் மெதுவாகத்தான் வளரும். வளரட்டும். ஐம்பது பேரில் தொடங்கி முந்நூறுக்குப் போவதுதான் முதல் ஆறு மாத வேலை. முகவரியே இல்லை என்று திரும்பி வந்தால் உடனே நீக்க வேண்டும். பெட்டி நிரம்பியிருக்கிறது என்பது போன்ற தற்காலிகக் காரணத்துக்குத் திரும்பினால் இன்னும் சில முறை முயலலாம்.

மடலின் உடலுக்கு வருவோம். ஒரே நெடுவரிசை போதும், அகலம் 600 பிக்சலுக்குள். விண்டோஸில் பழைய அவுட்லுக் மடலை மைக்ரோசாஃப்ட் வேர்டின் இயந்திரத்தைக் கொண்டு காட்டுகிறது; அலங்காரமான அமைப்புகள் அங்கே சிதறிப் போகும். முழுச் செய்தியையும் ஒரே படமாக வைத்தால், படம் திறக்காதவருக்கு வெற்றுப் பெட்டிதான் தெரியும். மடலின் குறியீடு 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும். அடியில் இருக்கும் விலகும் இணைப்பும் அதோடு போய்விடும், அதன் விளைவை மேலே சொல்லிவிட்டேன். வேறு ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறியீடும் சேர்ந்து வருவதால்தான் பல மடல்கள் இப்படிப் பருக்கின்றன. வடிவமில்லா உரையாக ஒட்டினால் போதும்.

தலைப்பு வரியில் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும், ஏனெனில் கைபேசித் திரை பின்பாதியை மறைத்துவிடும். "செடிகள் குறித்த இந்த வார மடல்" என்றால் யாருக்கு என்ன தெரியும்? "இலை மஞ்சளானால் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்" என்றால் திறக்கக் காரணம் இருக்கிறது. ஒரு மடலில் வாசகர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. இந்தத் துறையில் ஆளைத் தரம் பிரிப்பது இதுதான். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பக் கூடாது. 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அது "திறந்தார்" என்றே பதிவாகும். க்ளிக்கிலும் ஏமாறலாம். அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் மடல் வந்த சில நொடிகளில் எல்லா இணைப்புகளையும் சோதித்துப் பார்க்கும். பதிலும், பக்கத்துக்கு வந்தபின் வாசகர் முடித்த காரியமும்தான் நம்பத்தக்கவை.

இணைப்புகளில் யுடிஎம் குறிகளை (இணைப்பு முகவரியின் கடைசியில் ஒட்டும் அடையாளச் சொற்களை) சேர்க்க வேண்டும்: எங்கிருந்து, எந்த வழியில், எந்த மடலால் வந்தார் என்ற மூன்று போதும். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அறிக்கையில் வெவ்வேறு வரிகளாக வரும். எனவே எல்லாம் சிறிய எழுத்து என்று முதல் நாளே முடிவு செய்து எழுதி வைக்கட்டும். தன் தளத்துக்குள்ளேயே பக்கத்துக்குப் பக்கம் போகும் இணைப்புகளில் அவற்றைப் போடக் கூடாது, வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பிவிடும்.

இரண்டு வடிவங்களை மோதவிட்டுப் பார்க்கும் ஏ/பி சோதனையை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். க்ளிக் செய்தோர் 2 சதவீதத்திலிருந்து 3க்கு உயர்ந்ததை வழக்கமான உறுதியுடன் கண்டறிய ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறக்குறைய 3,800 பேர் வேண்டும். முந்நூறு பேர் பட்டியலில் "இது வென்றது" என்று சொல்வது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். சிறிய பட்டியல்காரர் செய்ய வேண்டியது, பத்து வாசகர்களுக்குத் தனித்தனியாக எழுதிக் கேட்பது. அவர்கள் பயன்படுத்தும் சொற்களை அப்படியே அடுத்த மடலில் வைப்பது.

நோட்டு தொடரட்டும், இன்னும் ஒழுங்காக: தேதி, தலைப்பு வரி, அனுப்பியது, திரும்பியது, க்ளிக், பதில், விலகல். இவற்றோடு ஒரு நெடுவரிசை கூடுதலாக வேண்டும். என்ன நடக்கும் என்ற தன் ஊகத்தை அனுப்புமுன் அதில் எழுத வேண்டும். அனுப்பிய பிறகு எழுதும் காரணம் எப்போதும் சரியாகவே தோன்றும், அதில் பாடம் இல்லை.

அனுப்புவதற்கு முன் ஜிமெயில், அவுட்லுக், ஆப்பிள் மெயில் மூன்றிலும் தனக்கே அனுப்பிக் கைபேசியில் ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பெயர் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறியோடு நிரப்பப்படாத சொல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் பொத்தானை அழுத்த வேண்டும். தவறான இணைப்பு போய்விட்டால் மன்னிப்பு மடல் அனுப்ப அவசரப்படக் கூடாது. அந்தத் தவறான முகவரி தன் தளத்துக்குள் இருந்தால், அதைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். பெரும்பாலோருக்குத் தவறே தெரியாது.

அம்மா, இது எல்லோருக்கும் பொருந்தும் வேலையில்லை. ஒரே சரிபார்ப்பை வாராவாரம் செய்யச் சலிப்பவருக்கும், தன் எழுத்தை எண் மறுக்கும்போது புண்படுபவருக்கும் ஒத்துவராது. அதனால் 24 வாரம் கொடுங்கள். வாரம் ஒரே நாளில் ஒரு மடல். முடிவில் நோட்டை நீங்களே வாங்கிப் பாருங்கள். நான்கைந்து வாரத்துக்கு மேல் விடுபட்டிருந்தால் அவளுக்கே விருப்பம் குறைந்துவிட்டது என்று பொருள். வேறு வழி பேசலாம். விடாமல் செய்திருந்தால், ஆறு சிறந்த மடல்கள், அந்த "பாஸ்" திரை, நோட்டின் கணக்கு, தோற்ற ஒரு மடலும் அதைத் திருத்திய விதமும் ஆகியவற்றை ஒரே கோப்பில் கட்டி விண்ணப்பங்களோடு அனுப்பட்டும். பெரியப்பாவுக்குக் காட்ட வேண்டியதும் அந்தக் கோப்புதான். அதுவரை அவரிடம் வாதாட வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம்.

டொமைனை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அவர் வாங்கித் தருகிறேன் என்றாலும் பதிவு உங்கள் மகளின் பெயரிலும் அவளுடைய மின்னஞ்சலிலும் இருக்கட்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் இரண்டு அடுக்குக் கடவுச்சொல்லையும் அன்றே இயக்கிவிடச் சொல்லுங்கள். காலாவதியான டொமைனை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் அவளுக்கு வர வேண்டிய மடல்கள் எல்லாம் அவரிடம்தான் போகும்.