பொழுதுபோக்குப் பூங்காவில் புதையல் வேட்டை: கேள்வி பதில்

மாணவர்களைப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் நாளில், குறிப்புச் சீட்டுகளைக் கொடுத்துப் புதையல் வேட்டை நடத்த விரும்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவர்கள் அறுபது பேரை அழைத்துச் செல்கிறோம். திட்டமிடுதலை எங்கிருந்து தொடங்குவது? (வகுப்பாசிரியை)

பூங்கா நிர்வாகத்தின் அனுமதியிலிருந்து தொடங்குங்கள். குழுவாக வரும் மாணவர்கள் சீட்டும் பென்சிலுமாகச் சுற்றப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எந்தப் பகுதி பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கும், எங்கே கூட்டம் நெரியும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு, வரைபடத்தை மட்டும் நம்பாமல், யாராவது ஒருவர் நேரில் சென்று முழுப் பாதையையும் நடந்து பார்த்து வருவது அவசியம்.

அறுபது பேரை ஐந்து பேர் கொண்ட பன்னிரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுடனும் பெரியவர் ஒருவரை அனுப்புங்கள். வேட்டைக்கு ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். கதவு திறந்தவுடன் வேட்டையைத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. வரிசைகள் குறைவாக இருக்கும் அந்த நேரம் பிள்ளைகள் ராட்டினங்களில் ஏற வேண்டிய நேரம். வரிசைகள் நீண்டு, காத்திருந்து சலிப்புத் தட்டும் நண்பகலில், நிழல் உள்ள பகுதிகளைத் தேர்ந்து வேட்டையை வைத்துக்கொண்டால் இரண்டு மகிழ்ச்சியும் அவர்களுக்குக் கிடைக்கும்.

கேள்வி: எத்தகைய குறிப்புகள் நன்றாக அமையும்? "சிவப்புப் பலகையைக் கண்டுபிடி" என்பது போன்றவை ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. (அறிவியல் ஆசிரியர்)

கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடும் குறிப்பைவிட, கண்ட பொருளின் முன் நின்று எண்ணவும் அளக்கவும் யோசிக்கவும் வைக்கும் குறிப்பே சிறந்தது. குதிரை ராட்டினத்தின் முன் நிற்கும் குழுவிடம், மேலும் கீழும் அசையும் குதிரைகள் எத்தனை, அசையாமல் நிற்பவை எத்தனை, அது எந்தத் திசையில் சுற்றுகிறது என்று கேளுங்கள். பிரிட்டனில் இவை பெரும்பாலும் கடிகார முள் செல்லும் திசையிலும், அமெரிக்காவில் அதற்கு எதிர்த்திசையிலும் சுற்றுகின்றன என்ற செய்தியையும் சீட்டில் சேர்த்துவிட்டால், நம் எதிரே உள்ளது எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்ற கேள்வி தானாகவே பிறக்கும். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் அமைத்த ராட்சத ராட்டினம் 264 அடி உயரமும் 36 பெட்டிகளும் கொண்டிருந்தது. இங்குள்ளதில் எத்தனை பெட்டிகள் என்று எண்ணி ஒப்பிடச் சொல்லலாம்.

சங்கிலியால் இழுக்கப்படும் பல ரோலர் கோஸ்டர்கள் முதல் மேட்டில் ஏறும்போது 'டக் டக்' என்று ஓசை எழுப்பும். வண்டி பின்னோக்கி நழுவிவிடாதபடி, அதன் அடியிலுள்ள கொக்கி, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்கள்மீது ஒவ்வொன்றாக விழுந்து ஏறுவதால் உண்டாகும் ஓசை அது. "இந்த ஓசை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, ஏன்?" என்ற ஒரு கேள்வியே ஒரு குழுவைப் பத்து நிமிடம் அங்கே நிறுத்திவிடும்.

உயரம் அளக்கும் பணி மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. சதுரக் காகிதம் ஒன்றை மூலைக்கு மூலை மடித்தால் கிடைக்கும் முக்கோணத்தின் குட்டை விளிம்புகளில் ஒன்றைத் தரைக்கு இணையாகக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, சாய்ந்த நீண்ட விளிம்பின் வழியே கொடிக்கம்பத்தின் உச்சி தெரியும் இடத்தை ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து கம்பத்தின் அடிவரை உள்ள தூரத்தை மற்றவர்கள் காலடியால் அளந்து, அதனுடன் பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டினால் கம்பத்தின் உயரம் கிடைத்துவிடும். அடிவரை நெருங்கிச் செல்லக்கூடிய, சமதரையில் நிற்கும் பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: குறிப்புக்காக ராட்டினத்தில் ஏறச் சொல்லலாமா? (பெற்றோர்)

வேண்டாம். வரிசையில் சிக்கிய குழு தன் தவறின்றியே பின்தங்கும். அஞ்சும் பிள்ளையும் உயர வரம்பை எட்டாத பிள்ளையும் தலைகுனிய நேரும். காசு கொடுத்து எதையேனும் வாங்கினால்தான் விடை கிடைக்கும் என்ற குறிப்பையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. (உடற்கல்வி ஆசிரியர்)

முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தபின் ஓடாதே என்று சொல்வதில் பயனில்லை. வேகத்துக்கு மதிப்பெண்ணே இல்லை, சரியான விடைக்கும் தெளிவான காரணத்துக்கும்தான் மதிப்பெண் என்று விதியை மாற்றிவிட்டால் ஓட்டம் பெருமளவு அடங்கிவிடும். எல்லாக் குழுக்களும் ஒரே வரிசையில் குறிப்புகளைத் தேடாமல், முதல் குழு ஒன்றாம் குறிப்பிலிருந்தும் இரண்டாம் குழு இரண்டாம் குறிப்பிலிருந்தும் தொடங்குமாறு சீட்டுகளை அச்சிட்டால், ஒரு குழுவின் பின்னால் மற்றொன்று ஓடி விடையைப் பார்த்தெழுதுவதும் நின்றுவிடும். ஐவரும் சேர்ந்து வந்து நின்றால்தான் விடை ஏற்கப்படும் என்பதையும் விதியாக்குங்கள்.

கேள்வி: பரிசுக்கு ஒதுக்கிய தொகை மிகக் குறைவு. மாணவர்கள் ஏமாற்றம் அடையாமல் என்ன கொடுப்பது? (மாணவர் மன்றப் பொறுப்பாசிரியர்)

தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொண்ட பிறகே கடைக்குச் செல்லுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் கடைகளைத் தவிர்த்து, முன்னதாகவே வெளியில் மொத்தமாக வாங்கினால் அதே தொகைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். பென்சில், அழிப்பான், ஸ்டிக்கர், சாவிக்கொத்து, சிறு குறிப்பேடு போன்றவை பையில் அடங்கும், உடையாது. சாக்லேட் வெயிலில் உருகும். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் தின்பண்டங்களையே தவிர்ப்பது நல்லது. திரும்பும் பேருந்தில் ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்கும் ஊதுகுழல்களும் வேண்டாம்.

காசே செலவாகாத பரிசுகளைத்தான் பிள்ளைகள் அதிகம் விரும்புகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. பேருந்தின் முன்னிருக்கை, வழியில் ஒலிக்கும் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஒரு நாள் வீட்டுப்பாடத்திலிருந்து விலக்கு, ஒரு வாரத்துக்கு விரும்பிய இடத்தில் அமரும் சலுகை ஆகியவற்றை அழகான சீட்டுகளில் எழுதி, தலைமையாசிரியரின் கையொப்பத்துடன் உறையிலிட்டுக் கொடுத்துப் பாருங்கள். முதலிடம், இரண்டாமிடம் என்று மட்டும் நிறுத்தாமல், மிக நுட்பமாகக் கவனித்த குழு, தவறான விடைக்கும் சிறந்த காரணம் எழுதிய குழு, பிறருக்கு உதவிய குழு என்று பிரிவுகளைக் கூட்டினால் பல குழுக்கள் மேடையேறும். பங்கேற்ற அனைவருக்கும் ஒரே வகையான சிறு நினைவுப் பொருள் ஒன்றும் இருக்கட்டும். ஒரு குழுவின் பரிசு ஐந்து பேருக்கும் சமமாகப் பிரியக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவி ஒருவர் இருக்கிறார். அவருக்கு எளிய சீட்டு தனியாகத் தயாரிக்கவா? (சிறப்பாசிரியர்)

தனிச் சீட்டு வேண்டாம். அவரால் செல்ல முடிகிற பாதையையே எல்லாக் குழுக்களுக்கும் பொதுப் பாதையாக வகுத்துவிடுங்கள். படிக்கட்டு உள்ள இடங்களை முன்னரே நடந்து பார்க்கும்போது குறித்துக்கொண்டு விலக்கினால் போதும்; விளையாட்டின் சுவையில் எதுவும் குறையாது. இரைச்சல் தாங்காத பிள்ளைகளுக்காக, அமைதியான ஓரிடத்தில் ஒரு குறிப்பை அமைத்து அதையே இளைப்பாறும் இடமாகவும் பயன்படுத்தலாம்.

கேள்வி: எல்லாரிடமும் கைபேசி இல்லை. படம் எடுக்கும் குறிப்புகளைச் சேர்க்கலாமா? (பெற்றோர்)

உடன் வரும் பெரியவரின் கைபேசி ஒன்றே குழுவுக்குப் போதும். அறிமுகமற்றவர்களின் முகம், குறிப்பாகப் பிற குழந்தைகளின் முகம், படத்தில் விழக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு குழுக்கள் சம மதிப்பெண் பெற்றால்? (வகுப்பாசிரியை)

சீட்டின் கடைசியில், ராட்சத ராட்டினம் ஒரு முழுச் சுற்று வர எத்தனை விநாடி ஆகும் என்ற ஊகக் கேள்வியை எல்லாக் குழுக்களுக்கும் முன்பே வைத்துவிடுங்கள். நீங்கள் நிறுத்துகடிகாரத்தில் மூன்று முறை அளந்து எடுத்த சராசரிக்கு மிக அருகில் எழுதிய குழுவுக்கு முதலிடம். அதிலும் சமமாக வந்தால், இரண்டு குழுக்களையும் முதலிடத்தில் அறிவித்துவிடுங்கள். அதற்காகக் கூடுதலாக ஓர் உறையைத் தயாராக எடுத்துச் செல்லுங்கள்.