ஆமணக்கு விதைத்தார்களா? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்த வெள்ளைக்காரர்கள் அதை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நடந்ததா, கட்டுக்கதையா?
– வாசகர், ஓட்டப்பிடாரம்

பதில்: இடித்தது, உழுதது, விதைத்தது என்று மூன்று சேதி இதில் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே சாட்சி கிடையாது.

இடித்ததில் சந்தேகம் இல்லை. 1801 மே 24-ல் கர்னல் அக்னியூவின் படை கோட்டையைப் பிடித்தது. 1968-69-ல் தொல்லியல் துறை தோண்டியபோது அரண்மனையின் அடித்தளம்தான் வெளிப்பட்டது. இப்போது அங்கே போகிறவர்கள் பார்க்கும் கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதன் சுவரைக் காட்டி 1801-ஐப் பற்றி வாதம் செய்யாதீர்கள். செய்கிறவர்கள் நிறையப் பேர்.

உழவுக்கு வருவோம். அந்தப் போரில் நேரில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், கோட்டை முழுக்க மண்ணால் ஆனது, நீளம் 500 அடி, அகலம் 300 அடி அளவில் என்று எழுதியிருக்கிறார். பெருக்கினால் ஏறக்குறைய மூன்றரை ஏக்கர். மானாவாரி ஆமணக்குக்கு ஏக்கருக்கு நாலு கிலோ விதை என்றால் மொத்தம் பதினாலு கிலோ, அரைச் சாக்குக்கும் குறைவு. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. இடிப்பது மாதிரி ஆள்பலமும் வேண்டாம்.

இடறுவது மாதம்தான். மே 24 என்பது வைகாசி. ஓட்டப்பிடாரம் கரிசலில் வைகாசி வெயிலில் எந்த விதையும் முளைக்காது. அங்கே விதைப்பு வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில். அதற்குள் அக்னியூவின் படை சிவகங்கைச் சீமைக்குப் போய்விட்டது. விதைத்தார்கள் என்றால் விதைத்த கை சிப்பாயின் கை அல்ல. பின்னால் யாரோ ஊர்க்காரரைக் கொண்டு செய்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணத்தாலும் நாங்கள் தயங்குகிறோம். தோற்றவன் கோட்டையை உழுது விதைப்பது நம் போர்ப்பாட்டில் பழைய சரக்கு. புறநானூறு 15-ல் நெட்டிமையார், முதுகுடுமிப் பெருவழுதி பகைவர் கோட்டையைக் கழுதை பூட்டி உழுததைப் பாடுகிறார். 392-ல் ஔவையார் பாட்டில் வெள்ளை வரகும் கொள்ளும் விதைக்கப்படுகின்றன. போர்ப்பாட்டுக்கு இலக்கணம் சொல்லும் புறப்பொருள் வெண்பாமாலையில் இதற்கு ‘உழுது வித்திடுதல்’ என்றே ஒரு துறை. இந்த வழக்கு காதில் ஊறிய ஊரில், இடிந்த கோட்டைமேல் வரகும் கொள்ளும் போய் ஆமணக்கு வந்து உட்கார அதிக நாள் ஆகாது. இடித்ததை உறுதியாகச் சொல்லுங்கள். ஆமணக்கைச் சொல்லும்போது ‘என்று சொல்வார்கள்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் நம் பழைய மன்னர்கள் போரில் ஊர்ச்சனத்துக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பாதிதான் படித்திருக்கிறீர்கள். பசு, பார்ப்பார், பெண்டிர், பிணியாளர், பிள்ளை பெறாதவர் எல்லாரும் ‘நும் அரண் சேர்மின்’ என்று முன்கூட்டி எச்சரிக்கும் பாட்டு புறநானூறு 9. பாடியவர் அதே நெட்டிமையார், பாடப்பட்டவர் அதே முதுகுடுமி. 9-ஐ மட்டும் படித்து, 15-ஐ விட்டுவிட்டீர்கள்.

கேள்வி: கம்பெனிப் படை நம் சீமையில் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டியது என்பதற்கு அவர்கள் எழுதியதிலேயே ஆதாரம் உண்டா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: உண்டு. 1755-ல் கம்பெனியின் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் வரி தண்ட வந்த படையெடுப்பு. நெற்கட்டும்செவலில் புலித்தேவரிடம் ஒன்றும் நடக்கவில்லை. மண்கோட்டையை உடைக்கும் பெரிய பீரங்கி கையில் இல்லை. அதே படையெடுப்பில் நெல்லிக்கோட்டை என்ற சிறு கோட்டையைப் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் 400 பேர், பெண்களும் குழந்தைகளும் சேர்த்து. தப்பியவர்கள் ஆறு பேர். இதை எழுதியவர் ராபர்ட் ஓர்ம். அவர் 1754 முதல் 1758 வரை சென்னையில் கம்பெனி சபை உறுப்பினர். சொந்தப் படைக்கு அவமானமான சேதியை அந்தப் பதவியில் இருந்தவர் இட்டுக்கட்டி எழுத மாட்டார். அதனால்தான் இந்தச் சாட்சிக்கு எடை அதிகம்.

ஹெரானை விசாரித்துப் பதவியைப் பறித்தார்கள். பெரிதாகப் பேசப்பட்டது பண விவகாரம், 400 உயிர் அல்ல.

நெல்லிக்கோட்டை எது என்பதில்தான் சண்டை. ஓர்ம் திருநெல்வேலிக்குத் தெற்கே 40 மைல் என்கிறார். அதாவது 64 கிலோமீட்டர், கன்னியாகுமரியை நெருங்கிவிடும். எங்கள் ஊர்தான் அது என்று உங்களிடம் யாராவது சொன்னால், முதலில் இந்தத் தூரத்தை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பாளையக்காரர்களின் ஆட்களும் ஊர்களைக் கொள்ளையடித்தார்கள் என்கிறார்களே?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: உங்கள் ஊர் நெல் விவகாரத்தையே எடுப்போம். கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளையின் ஆட்கள் கம்பெனி நெல்லை எடுத்தது கம்பெனித் தரப்பிலும் வருகிறது, கட்டபொம்மன் கதைப்பாடலிலும் வருகிறது. எதிரெதிர்த் தரப்பு இரண்டும் ஒப்புக்கொள்வதால் எடுத்தது உண்மை என்று கொள்ளலாம். யார் சொல்லி எடுத்தார்கள் என்பதில்தான் பேச்சு மாறுகிறது.

அதைவிடச் சிக்கல் சொல்லில் இருக்கிறது. பாளையக்காரர் தன் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களிலும் திசைக்காவல் என்று கட்டணம் வாங்குவார். களவு போனால் ஈடு கொடுப்பது அவர் பொறுப்பு. அந்த வாங்கலைக் கம்பெனிக் கடிதம் கொள்ளை என்று எழுதும். கொடுத்த குடியானவனுக்கோ ஒரு வருஷம் அது காவல், ஒரு வருஷம் பறிப்பு. ‘கொள்ளை’ என்று கடிதத்தில் கண்டால், எந்த மாதம், என்ன பொருள், எவ்வளவு என்று அடுத்த வரியைத் தேடுங்கள். அறுவடை மாதத்தில், களத்தில், குறிப்பிட்ட பங்கு என்றால் அது திசைக்காவல். வீடு எரிந்தது, மாடு போனது என்றால் வேறு.

எதிரியின் நல்ல குணத்தை எதிரியே எழுதிய இடங்களும் உண்டு. 1801 தொடக்கத்தில் தூத்துக்குடியில் பிடிபட்ட ஆங்கில அதிகாரி ஒருவரை, அவர் மனைவி வந்து கெஞ்சியதும் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை விட்டுவிட்டதை ஆங்கிலேயரே பதிவு செய்திருக்கிறார்கள். தூக்குக்குப் போகையில் கட்டபொம்மன் அஞ்சவில்லை, கோட்டையைக் காத்து அங்கேயே சாகாமல் போனேனே என்றுதான் வருந்தினார் என்று எழுதியவர் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேனே. எழுதிய நாள் 1799 அக்டோபர் 17, தூக்குக்கு மறுநாள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர்க்காலத்துச் சேதி சொல்லும் பழைய ஏடு ஒன்று இருக்கிறது. உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கயத்தாறு

பதில்: முதலில் தேதி. நம் சீமை ஏடுகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ம், ஜனவரி முதல் ஆடி வரை 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799 அக்டோபர் 16, கொல்லம் 975, சித்தார்த்தி வருஷம். கோட்டை விழுந்தது கொல்லம் 976, துன்மதி. உங்கள் ஏட்டில் வருஷப் பெயரும் கொல்லம் எண்ணும் பொருந்தவில்லை என்றால், பின்னால் யாரோ நினைவிலிருந்து எழுதியது என்று சந்தேகப்படலாம். உடனே பொய் என்று தூக்கிப் போட வேண்டாம். படி எடுத்தவர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம்.

அடுத்தது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். ராணுவ ஆலோசனைத் தொகுதிகளையும் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளையும் கேளுங்கள். ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் தேடினால் அகப்படாது. ‘பாஞ்சாலம்கூர்ச்சி’, ‘கட்டபோமா நாய்க்’, ‘டின்னவெல்லி’ என்று காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரை நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு போங்கள். ஏட்டுக்கு எண்ணெய் தடவிவிட்டுக் கொண்டு போகாதீர்கள். முதலில் அப்படியே படம் எடுத்து வையுங்கள்.