ஊசி போட்ட மாட்டுக்கு எதுக்கு மறுபடி ரத்தம் எடுக்குறாங்க?

பெங்களூரு எலஹங்கா பக்கம் மாடு வச்சிருக்கவர் கேட்டிருக்காரு, கோமாரி ஊசி போட்டு காதுல மஞ்சள் டேக்கும் மாட்டியாச்சு, அப்புறம் ஏன் ரத்தம் எடுத்துட்டு போறாங்கன்னு. நியாயமான கேள்விதான்.

ரெண்டு விஷயம் பாக்குறாங்க. ஒண்ணு, ஊசி வேலை செஞ்சுதா, அதாவது நம்ம நாட்டுல சுத்துற ஓ, ஏ, ஏசியா 1ங்கற மூணு வகை கோமாரி வைரஸுக்கும் எதிர்ப்பு சக்தி போதுமான அளவு வந்திருக்கான்னு. ரெண்டாவதுதான் சுவாரசியம். தடுப்பூசில இருக்கறது செத்த வைரஸ், அதை சுத்தம் பண்ணும்போது வைரஸ் உடம்புக்குள்ள பெருகுறப்ப மட்டும் உண்டாக்குற சில புரதங்களை எடுத்துடுவாங்க, அதனால அந்த புரதத்துக்கு எதிரா ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் பொருள்) ரத்தத்துல இருந்தா அந்த மாட்டுக்கு நிஜமாவே நோய் தொற்றியிருக்குன்னு அர்த்தம், வாய்ல கொப்புளமே வராம இருந்திருந்தாலும் சரி. ஆனா அந்த ஆன்டிபாடி பல மாசம் தங்கும், அதனால வயசான மாட்டுல தெரிஞ்சா இப்ப வந்ததா பழசான்னு சொல்ல முடியாது, இளம் கன்னுங்கள்ல தெரிஞ்சாதான் சமீபத்துல வைரஸ் சுத்தியிருக்குன்னு உஷாராவாங்க.

எல்லா மாட்டுக்கும் எடுக்க மாட்டாங்க, சாம்பிள்தான். 2019ல ஆரம்பிச்ச தேசிய திட்டத்தோட குறி 2030க்குள்ள கோமாரியை ஒழிக்கறது, இந்த ரத்தப் பரிசோதனை கணக்கு இல்லாம எங்க நோய் ஒளிஞ்சிருக்குன்னே தெரியாது. மாடுகளைக் கொன்ன இன்னொரு வைரஸ் நோயான வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) அப்படித்தான் தேடித் தேடி 2011ல உலகத்தை விட்டே விரட்டினாங்க.

எந்த மாட்டுக்கு எப்ப ஊசி போட்டாங்கன்னு அந்த 12 இலக்க டேக் நம்பர்லதான் பதிவாகுது, தயவுசெஞ்சு கழட்டிடாதீங்க.